கை மாறிய பேனா

போன செவ்வாய்க்கிழமை பேங்கில் ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கினேன்.

பெரிய தப்பு ஒன்றும் செய்யவில்லை. சலான் எழுதப் பேனா கேட்டார். பேனா என் கையிலேயே இருந்தது. "மன்னிச்சுக்கோங்க, இதைத் தர முடியாது" என்றேன். அவ்வளவுதான்!

"ஒரு கையெழுத்துக்குத்தாம்மா கேட்டேன்... தின்னுடுவேனா?" என்றார். வரிசையில் பின்னால் நின்ற இளைஞர் "கொடி மேடம், ஒந்து நிமிஷா" என்று கன்னடத்தில், ஒரு நிமிஷம் கொடுக்கச் சொல்லிச் சிபாரிசு வேறு. பையைத் துழாவி, ஊருக்கென்று தனியாக வைத்திருக்கும் ரீஃபில் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். முறைப்பு மட்டும் குறையவில்லை.

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இங்க் பேனாக்காரர்கள் எல்லோருமே இந்த விஷயத்தில் கொஞ்சம் அல்பங்கள்தான். குடை கேட்டால் தருவோம். ஸ்கூட்டர் சாவி கேட்டால்கூட யோசித்துவிட்டுத் தருவோம். பேனா மட்டும்... ஊஹூம்.

ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில் — "என் கைக்குப் பழகின நிப்பு. இன்னொருத்தர் எழுதினா கெட்டுப்போயிரும்."

இது நிஜமா, அல்லது சும்மா ஒரு பந்தாவா? ரொம்ப நாளாக எனக்கே சந்தேகம் இருந்தது. என் கணவர் ஒருமுறை என் பேனாவில் எழுதிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே எழுதுது?" என்றார். ஆனால் அவர் காபியில் சர்க்கரை போட மறந்தாலும் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்கிற மனிதர். அவர் சாட்சி செல்லாது.

என் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தவள் ஸ்டெல்லா. அவளைப் பற்றி எழுதட்டுமா என்று இந்த வாரம்தான் போன் செய்து கேட்டேன்.

"தாராளமா எழுது. ஆனா என்னைப் பாவமா காட்டாத" என்றாள்.

முயற்சி செய்கிறேன்.

ஸ்டெல்லாவும் நானும் காலேஜில் ஒரே பெஞ்ச். நான் பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் ஹாஸ்டல். ஊர் கோலார் தங்கவயல். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து சர்க்கார் உத்தியோகம், எல்லோருக்கும் கணக்கு விரல் நுனியில். எனக்கு மட்டும் வராது. ஸ்டெல்லாவோ கணக்கில் புலி. அதனால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நட்பெல்லாம் அதற்கப்புறம் வந்ததுதான்.

அவளுடைய ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு மாமா கருஞ்சிவப்பு நிறத்தில் இங்க் பேனா ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்குப் பேனா மேல் அக்கறையே இல்லை. ஸ்டெல்லாவின் பச்சைச் சுங்குடிச் சேலை மேல்தான் கண். ஸ்டெல்லாவுக்கு நேரெதிர். அப்புறம் என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பண்டமாற்று நடந்தது.

லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மா கேட்டிருக்கிறார் — "பச்சைச் சேலை எங்கடீ?"

ஸ்டெல்லா பேனாவைக் காட்டினாளாம்.

"இத்த கட்டிக்கினுதான் நாளைக்குப் பூசைக்கு வரப்போறியா?"

அந்தப் பேனாவில் பி.எஸ்ஸி. எழுதினாள். பி.எட். எழுதினாள். கல்யாணத்தன்று சர்ச்சில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட அவர்கள் நீட்டிய பேனாவை "வேணாம் ஃபாதர், என்கிட்ட இருக்கு" என்று தள்ளிவிட்டு, ஜாக்கெட்டில் செருகியிருந்த கருஞ்சிவப்புப் பேனாவை எடுத்தாள். கல்யாணப் பெண் பேனாவோடு வந்ததைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் பேனாவைப் பார்த்தார்.

மாப்பிள்ளை அமல்ராஜ். அவரும் தங்கவயல்காரர்தான். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் ஃபிட்டர். எந்திரத்துக்கான சின்னச் சின்ன உருப்படிகளைத் தலைமுடி கனத்துக்குத் தேய்த்து, பொருத்திக் கொடுக்கிற வேலை. அதிகம் பேசமாட்டார். விவேக் நகரில் வீடு பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டெல்லாவுக்குப் பக்கத்திலேயே கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கணக்கு மிஸ்.

வருஷம் முழுக்கப் பேனாவில் நீல இங்க். பரீட்சை வந்தால் அதைக் கழுவி ஊற்றிவிட்டுச் சிவப்பு. பேப்பர் கட்டு முடிந்ததும் மறுபடி நீலம். இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்தப் பேனாவில் எத்தனை பிள்ளைகள் பாஸ் ஆனார்கள், எத்தனை பேர் அதைச் சபித்தார்கள் என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஆறேழு வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்த வாரம். ஒன்பதாம் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. குனிந்தாள். விரல் மடங்கவில்லை. "யாராவது போய் சிஸ்டரைக் கூட்டிட்டு வாங்க" என்று பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாளாம். அதற்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

ஸ்ட்ரோக். ஐம்பதுகூட ஆகவில்லை அவளுக்கு.

ஆஸ்பத்திரி நாட்களை விட்டுவிடுகிறேன். அதை எழுதினால் அவள் போட்ட கண்டிஷன் உடைந்துபோகும். பேச்சு தப்பித்தது. வலது கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் அமல்ராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை இயேசு கோயில் வரைக்கும் நடந்தாள். கிறிஸ்துமஸுக்குத் தோள் தேவைப்படவில்லை.

வலது கை வரவில்லை.

ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார்கள். பிசைந்தாள். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் பட்டாணியைப் பொறுக்கிப் போடச் சொன்னார்கள். ஒன்றிரண்டு விழும், மிச்சமெல்லாம் தரையில் உருளும். அமல்ராஜ் கட்டிலுக்கு அடியில் புகுந்து பொறுக்குவார். "இந்த வீட்ல இனிமே பட்டாணிச் சுண்டல்னு எவனாவது சொன்னான்னா..." என்று ஸ்டெல்லா பல்லைக் கடிப்பாள். கை மேஜை மேல் கிடக்கும், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

ஜனவரியில், நான் அங்கே போயிருந்த ஒரு நாள், பள்ளிக்கூடத்திலிருந்து தலைமை ஆசிரியை வந்தார். கன்னியாஸ்திரீ. கண்டிப்பானவர், ஆனால் நல்ல மனசு. ஆப்பிள் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஸ்டெல்லா, டோன்ட் வொரி. ஜூன்ல நீ வரலாம். லைப்ரரி இருக்கு. உட்கார்ந்தே பார்த்துக்கலாம். சம்பளத்துல ஒண்ணும் கை வைக்கமாட்டோம்."

ஸ்டெல்லா தேங்க்யூ சொன்னாள். அப்புறம் கேட்டாள் — "சிஸ்டர், நான் இடது கையால எழுதக் கத்துக்கிட்டா?"

அவர் சும்மா ஆறுதலுக்குச் சரி என்று சொல்லாமல் நிஜமாகவே யோசித்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"போர்டுல எழுதணும். நோட்டு திருத்தணும். ரெண்டும் ஜூனுக்குள்ள முடிஞ்சா உன் கிளாஸ் உனக்கு. முடியலேன்னா லைப்ரரி. ஓகே?"

"ஓகே சிஸ்டர்."

அவர் படியிறங்கிப் போனதும் ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "லைப்ரரில மொத்தமே ரெண்டு பீரோ. ரெண்டுக்கும் பூட்டு. நான் அங்க போயி இன்னாத்தப் பார்த்துக்கறது?"

அன்றைக்கு சாயங்காலமே கருஞ்சிவப்புப் பேனா இடது கைக்கு வந்தது.

அப்போது ஆரம்பித்தது தகராறு.

சனிக்கிழமைகளில் ஆபீஸ் முடிந்ததும் நான் அங்கே போய்விடுவேன். ஆஸ்டின் டவுனிலிருந்து நடக்கிற தூரம்தானே. ஒவ்வொரு தடவையும் மேஜை மேல் கிழிந்த தாள்கள் கிடக்கும். இடது கை எழுத்து கோணலாக இருப்பது சகஜம், அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் பேனாவே எழுத மறுத்தது. 'கர்ர்' என்று பேப்பரைக் கீறும். ஒரு எழுத்துக்கு இங்க் வரும், அடுத்த எழுத்துக்கு வராது. மேலே போகிற கோட்டில் முனை பேப்பருக்குள் இறங்கிவிடும். இழுத்தால் சொட்டென்று ஒரு கறை.

அமல்ராஜ் ரீஃபில் பேனாக்கள் ஒரு கட்டாக வாங்கி வந்தார்.

"அழுத்தி எழுதணுங்க இதுல" என்றாள். "இடது கையில அவ்வளவு தெம்பு இல்ல. ரெண்டு வரி எழுதறதுக்குள்ள மணிக்கட்டு விட்டுப்போவுது."

அது வாஸ்தவம். இங்க் பேனாவை அழுத்தவே வேண்டாம். பேப்பரைத் தொட்டால் போதும், இங்க் தானாக இறங்கும். பழகாத கைக்கு அதுதான் சௌகரியம்.

"அப்ப புதுசா ஒரு இங்க் பேனா வாங்கிக்கயேன்டி" என்றேன்.

கிழிந்த தாளை ஓரமாகத் தள்ளினாள்.

"லலிதா, நான் எல்லாத்தையும் புதுசா கத்துக்கறேன். ஜாக்கெட் கொக்கி போடறது புதுசு. இட்லிய பிட்டுத் திங்கறது புதுசு. தலை வாரிக்கறது... இன்னும் வரல. இது ஒண்ணாவது பழசா இருக்கட்டுமே."

புதுப் பேனா பேச்சை நான் அத்தோடு விட்டேன். அவள் பழைய பேனாவை விடவில்லை. பேப்பர் கிழியக் கிழிய இடது கையைத் திட்டினாள். "தரித்திரம் புடிச்ச கை" என்று ஒருநாள் அதை மேஜை மேல் ஓங்கி அடித்தாள். வலிக்கிற கை அது ஒன்றுதான் என்பதைக்கூட மறந்து.

பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை. நான் போனபோது ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அமல்ராஜ் வேலைக்கு உபயோகிக்கிற, கண்ணில் இடுக்கிக்கொள்கிற சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு, பேனாவின் நிப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா. இதப் பாரு" என்று லென்ஸை என்னிடம் தந்தாள்.

பார்த்தேன். நிப்பின் நுனியில் ஒரு குட்டி உருண்டை இருக்குமே, பேப்பரைத் தொடுகிற இடம்... அது உருண்டையாகவே இல்லை. ஒரு பக்கம் மட்டும் வழித்தெடுத்த மாதிரி தட்டையாக இருந்தது. ஒரே பக்கமாகத் தேய்த்துக் குளித்த சோப்புக்கட்டி எப்படி இருக்கும், அப்படி.

ஸ்டெல்லா ஒரு தாளை எடுத்துக் கோணல்மாணலாகப் படம் போட்டாள். என்ன இருந்தாலும் கணக்கு மிஸ் ஆயிற்றே.

"வலது கை இந்தப் பக்கத்துலருந்து வருது. இந்தக் கோணம். இருபது வருஷமா இதே கோணத்துல தேய்ஞ்சிருக்குது. இடது கை எங்கருந்து வருது? எதிர்ப் பக்கம். அப்ப பேப்பர்ல படறது எது? இந்த விளிம்பு. கத்தி மாதிரி இருக்குது பாரு. வலது கை இழுக்குது, இடது கை தள்ளுது. விளிம்பைத் தள்ளினா கீறாம என்ன பண்ணும்?"

பேனாவை மூடி வைத்தாள்.

"என் கை மேல தப்பே இல்ல லலிதா. ரெண்டு மாசமா அத்தப் போய்த் திட்டிக்கினு இருந்திருக்கேன்."

எனக்கு என் பேனா ஞாபகம் வந்தது. 'கைக்குப் பழகின நிப்பு' என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இவ்வளவுதானா? வெறும் தேய்மானம்!

அமல்ராஜ் ஷிஃப்ட் முடிந்து வந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை, ஸ்டெல்லா பேனாவை நீட்டினாள்.

"இந்தத் தட்டைய எடுத்துட்டு இடது கைக்குத் தோதா தேய்ச்சுக் குடுங்க."

அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கழற்றினார்.

"முடியாது."

"முடியாதா? மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"இது உன் சோத்தாங்கை பேனா. கை வந்துரும். வந்தா அப்ப எதுல எழுதுவ?"

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"டாக்டர் ஆயிரம் சொல்வாரு."

"ஒரு வருஷம் ஆவப்போவுதுங்க. வர்றதெல்லாம் வந்தாச்சு, மிச்சம் வந்தா அதிர்ஷ்டம்னு அவர் சொல்லும்போது நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

அவர் லென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நான் கலந்து வைத்த காபியைக் குடிக்காமல் வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. என்ன மனிதர் இவர்? பெண்டாட்டி வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முட்டி மோதிக்கொண்டிருக்கிறாள், இவர் ஒரு நிப்புக்குக் கொடி பிடிக்கிறாரே! பிறகு வீட்டுக்கு நடந்து வரும்போது தோன்றியது... அந்தத் தட்டையைத் தேய்த்துவிட்டால், கை திரும்ப வராது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் அவருக்கு. கட்டிலுக்கு அடியில் தினமும் பட்டாணி பொறுக்குகிற மனிதரிடம் போய் அதைக் கேட்டால்?

இரண்டு வாரம் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. மற்ற பேச்சும் அதிகம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். மார்ச் வந்துவிட்டது. ஜூனுக்கு எவ்வளவு நாள் இருக்கிறது?

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது கதவு திறந்தே இருந்தது. சமையலறையிலிருந்து 'கர்... கர்...' என்று சத்தம். எட்டிப் பார்த்தால், மேடை மேல் ஈரத்துணி விரித்து, அதன் மேல் அமல்ராஜின் சாணைக்கல். ஸ்டெல்லா பேனாவை இடது கையில் பிடித்துக் கல் மேல் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல் ஒரு பக்கம் நழுவியது, பேனா இன்னொரு பக்கம்.

"ஐயோ, என்னடி பண்றே? அவர் வந்தா?"

"வரட்டும்."

தடுக்கலாமா, உதவி செய்யலாமா? எனக்குப் புரியவில்லை. கல் நழுவாமல் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். இரண்டுமாக ஆயிற்று.

அவர் வந்துவிட்டார். அன்றைக்கு அரை நாள் வேலை என்பது எங்கள் இருவருக்குமே ஞாபகம் இல்லை. சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் டிபன் கேரியர். கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் வேதனை தெரிந்தது நிஜம். ஆனால் அது நான் நினைத்த வேதனை இல்லை.

"எண்ணெய் வுட்டியா?"

"இல்ல."

"எண்ணெய் வுடாம கல்லுல தேய்ப்பாங்களா? அதுவும் கரடு பக்கத்துல? இப்டி இன்னும் கொஞ்ச நேரம் தேய்ச்சின்னா நிப்பும் இருக்காது, என் கல்லும் இருக்காது. சாக்கு, போதும் நிறுத்து!" டிபன் கேரியரைக் கீழே வைத்தார். "குடு இங்க."

ஸ்டெல்லா கொடுத்தாள்.

கை கால் கழுவிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். கல்லைத் திருப்பி வழவழப்பான பக்கத்தை மேலே வைத்தார். ஒரே ஒரு சொட்டு எண்ணெய். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஸ்டெல்லாவிடம் பேனாவை நீட்டினார்.

"எழுதற மாதிரி புடி. இடது கையில."

அவள் பிடித்தாள். பேனா எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார். திரும்ப வாங்கி, அதே சாய்வில் தன் கையில் பிடித்துக் கல் மேல் வைத்தார். நான் பார்த்ததில் அது தேய்ப்பது மாதிரியே இல்லை. தடவிக் கொடுப்பது மாதிரி இருந்தது. கொஞ்சம் தேய்ப்பார், துணியில் துடைப்பார், லென்ஸில் பார்ப்பார், அவளிடம் தருவார். அவள் இங்கைத் தொட்டு ஒரு கோடு இழுப்பாள். 'கர்ர்.' திரும்ப வாங்கிக்கொள்வார்.

இப்படியே எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் காபி போட்டு வைத்தேன். ஆறிப்போயிற்று.

நடுவில் ஒரு தடவை அவர் லென்ஸைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நேரம் லென்ஸ் போட்டா தண்ணி வரும் மேடம்" என்றார் என்னிடம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாக அவர் கொடுத்தபோது ஸ்டெல்லா தாளில் எழுதினாள். கணக்கு மிஸ் என்ன எழுதுவாள்? ஏ பிளஸ் பி, ஹோல் ஸ்கொயர். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துதான். ஆனால் சத்தம் இல்லை. இங்க் அறுபடாமல் வந்தது. ஈக்வல் டு போட்டு மிச்சத்தையும் எழுதினாள். கடைசி பி ஸ்கொயர் வரைக்கும் வந்தது.

"வருது" என்றாள்.

"வரும்" என்றார். "ஆனா ஒண்ணு, சொல்லிட்டேன். முனை கடுகுல கால்வாசிதான் கீது. சும்மா சும்மா தேய்ச்சிக்கினு இருக்க முடியாது."

அதற்குப் பிறகு கஷ்டமே இல்லையா என்றால்... நிறைய! இடது கை எழுதிய ஈரத்தின் மேலேயே நகர்ந்து போகும். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை எப்போதும் நீலம். நோட்டைக் கிட்டத்தட்ட குறுக்காகத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதக் கற்றாள். கோடை லீவில் சிஸ்டரிடம் சாவி வாங்கி, காலி வகுப்பில் போர்டில் எழுதிப் பழகினாள். போர்டில் வேறு தொல்லை. எழுத எழுத அவள் புறங்கையே அழித்துக்கொண்டு போகும். தேற்றம் மாடிப்படி மாதிரி கீழே இறங்கும். ஒருநாள் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் வரி என் தலைக்கு நேராக ஆரம்பித்து, கடைசி வரி குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் முடிந்தது.

"எப்படி இருக்குது?" என்றாள்.

"கணக்கு சரியா இருக்கும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூன் வந்தது. பத்தாம் வகுப்பு. சிஸ்டர் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இனிமேல் நடந்தது ஸ்டெல்லா சொல்லிக் கேட்டது.

ஸ்டெல்லா பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள் — "நான் மெதுவாத்தான் எழுதுவேன். எனக்கு முன்னாடி முடிச்சவங்க சும்மா உக்காராதீங்க. நான் எங்க தப்பு பண்றேன்னு பாருங்க."

போர்டில் எழுத ஆரம்பித்தாள். வகுப்பில் ஒரு சத்தம் இல்லையாம். பாவம் பார்க்கிற அமைதி. அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பாதி போர்டு வந்தபோது நடு வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள்.

"மிஸ், மூணாவது லைன்ல மைனஸ் விட்டுட்டீங்க."

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே விட்டுப்போயிருந்தது. "அடடா, ஆமா!" என்று அழிக்கப் போனபோது, புறங்கை பட்டு நாலாவது வரியும் சேர்ந்து அழிந்தது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஸ்டெல்லாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் சிஸ்டர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மணி அடித்ததும் ஸ்டெல்லா ஆபீஸ் அறைக்குப் போனாள். திருத்திய நோட்டுக் கட்டு ஒன்றையும் தூக்கிக்கொண்டுதான் போனாள். சிஸ்டர் மேலாக ஒரு நோட்டைப் பிரித்துப் பார்த்தார். சிவப்பு டிக்குகள் எல்லாம் எதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தன.

"கிளாஸ் உனக்குத்தான்" என்றார். "அந்த மைனஸை மட்டும் பார்த்துக்கோ."

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஸ்டெல்லா இடது கையாலேயே பாடம் நடத்தினாள். பேங்கில் இடது கைக் கையெழுத்தைப் பதிவு செய்துகொண்டாள். நாங்கள் எல்லோரும் அதற்குப் பழகிவிட்டோம்.

இங்கே முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதை. ஆனால் வாழ்க்கை அங்கே நிறுத்தவில்லை.

அமல்ராஜ் பட்டாணியை விடவில்லை. ஸ்டெல்லா அலுத்துக்கொண்டாலும் தினமும் கிண்ணத்தை முன்னால் வைப்பார். ஒருநாள் வலது கட்டைவிரல் அசைந்தது. ரொம்ப நாள் கழித்து ஆள்காட்டி விரல். டாக்டரே புருவத்தை உயர்த்தினார். பழைய கை இல்லை. ஆனால் டம்ளரைப் பிடிக்கும், கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளும். ஒரு சனிக்கிழமை, நானும் அங்கே இருந்தேன், ஸ்டெல்லா யாரிடமும் சொல்லாமல் பேனாவை வலது கையில் எடுத்து விரல்களுக்கு நடுவே பொருத்திக்கொண்டாள்.

அமல்ராஜ் கையிலிருந்த பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

'கர்ர்.'

பேனாவைக் கொஞ்சம் திருப்பினாள். இன்னொரு தடவை. அதே சத்தம். பேப்பரில் ஒரு கீறல், இங்க் இல்லை.

நான் அமல்ராஜைப் பார்க்கவில்லை. 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். உலகத்தில் முக்கால்வாசிப் புருஷர்கள் சொல்லியிருப்பார்கள். பெண்டாட்டிகள் எல்லோரும் சொல்லியிருப்போம்.

அவர் மெதுவாகக் கேட்டார் — "மறுபடி தேய்ச்சுப் பார்க்கட்டா? முனை கொஞ்சம் கீது. ஜாக்கிரதையா பண்ணா..."

ஸ்டெல்லா பேனாவைப் பார்த்தாள். வலது கையைப் பார்த்தாள். அப்புறம் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பாதியில் நின்றிருந்த நோட்டை முன்னால் இழுத்தாள்.

"வேணாங்க. இது நல்லா எழுதிக்கினு இருக்குது. இத்தத் தொந்தரவு பண்ண வேணாம். சோத்தாங்கைக்கு வேற பேனா வாங்கிட்டு வாங்க. அது எல்.கே.ஜி.லருந்து ஆரம்பிக்கட்டும்."

அவர் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடை மூடிவிடுமே என்ற அவசரம். நீல நிறத்தில் ஒரு சாதாரணப் பேனா வாங்கி வந்தார். வலது கை இன்று வரை அதில்தான் எழுதிப் பழகுகிறது. இன்னும் எல்.கே.ஜி. தாண்டவில்லை என்கிறாள் ஸ்டெல்லா. பாடம் நடத்துவதும் திருத்துவதும் இடது கைதான்.

கைக்குப் பழகின நிப்பு என்பது நிஜம்தான் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அதில் பாசம், விசுவாசம் எல்லாம் ஒன்றும் இல்லை. இழுத்த பக்கம் தேய்கிறது, அவ்வளவே. பக்கத்தை மாற்றினால் மாறிக்கொள்ளும். என்ன... பொறுமையாக எண்ணெய் விட்டு உட்கார ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

இதை எழுதுவதற்கு முன் அமல்ராஜிடமும் போனில் பேசினேன். "நிப்பைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே, நீங்க என்ன பேனாவில எழுதறீங்க?" என்று கேட்டேன்.

"ரீஃபில்தான் மேடம்" என்றார். "நமக்கு எதுக்கு இந்த ரோதனை?"